ரேடியேஷன் முடிந்த கழுத்தில் ரத்தம்: டியூட்டி டாக்டர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஓர் இளம் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்: "லேசான ரத்தக்கசிவு, தானாக நின்றுவிட்டது." பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

நின்ற ரத்தத்தை நம்புவது

என் நோயாளிக்கு நாக்குப் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு 33 சிட்டிங் ரேடியேஷன், மொத்தம் 66 கிரே (கதிர்வீச்சின் அளவு). கழுத்தில் எச்சில் கசியும் சின்ன ஓட்டை ஒன்று ஆறாமல் இருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கழுத்துக் கட்டுத் துணியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. அழுத்திப் பிடித்தேன், நின்றது, புதுக் கட்டுப் போட்டேன். "இனி பயமில்லையே டாக்டர்?" என்று அவர் மனைவி கேட்டார். "இல்லைம்மா" என்றேன். மறுநாள் சாயங்காலம், கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி வெடித்தது. தியேட்டர் வரைகூடக் கொண்டுபோக முடியவில்லை.

தமனிச் சுவருக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொடுக்கும் நுண்குழாய்களை ரேடியேஷன் அடைத்துவிடுவதால் சுவர் நைந்துபோகிறது. மேலே எச்சிலும் கிருமியும் பட்டால் இன்னும் சீக்கிரம் அரிக்கும். முதல் கசிவு நிற்பது, ஓட்டையை உறைந்த ரத்தம் தற்காலிகமாக மூடியிருப்பதால்தான். அடுத்தது சில மணி நேரத்திலும் வரலாம், சில நாளிலும் வரலாம்.

அதனால் அன்றிரவே அட்மிஷன். இரண்டு பெரிய ஊசி வழி, ரத்தம் ரிசர்வ், மூச்சுப்பாதைக்கு ஏற்பாடு, சீனியருக்கு போன், ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன். சுவர் புடைத்திருந்தால் தமனிக்குள் உறை போட்ட ஸ்டென்ட் (குழாய் வலை) வைக்கலாம். ஸ்டென்ட் வைக்க முடியாவிட்டால், மறுபக்க ரத்தம் மூளைக்குப் போதுமா என்று பலூனால் சோதித்துவிட்டு, 'காயில்' என்ற உலோகச் சுருள் வைத்துத் தமனியை அடைக்கலாம். சோதிக்காமல் அடைத்தால் பக்கவாதம் வரலாம். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பீறிடும்போது கட்டைப் பிரித்துப் பார்ப்பது

கூடாது. அழுத்திய கையோடு தியேட்டருக்குப் போங்கள்.

ஆறாத புண்ணில் அவசர பயாப்ஸி

அடியில் தமனி எங்கே என்று ஸ்கேனில் பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள்.

குடும்பத்திடம் மறைப்பது

இனி சிகிச்சைக்கு வழியில்லை என்ற கட்டத்தில் இருப்பவர் வீட்டாரிடம் முன்பே பேசிவிடுங்கள். கட்டில் பக்கத்தில் கருநிறத் துண்டுகளும் அமைதிப்படுத்தும் மிடசோலம் ஊசியும் தயாராக இருக்கட்டும். வெள்ளைத் துணியில் பரவும் சிவப்பை அவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

"அஞ்சு வருஷம் ஆச்சே, இனி என்ன?"

ரேடியேஷன் பட்ட தமனி பல வருஷம் கழித்தும் சுருங்கும். ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போடும்போது வலது கை பத்து நிமிஷம் சொன்னபடி கேட்கவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது, சுகர் என்று விட்டுவிட்டார். டாப்ளர் ஸ்கேனில் இடது கரோட்டிட் நீளமாகச் சுருங்கிக் கிடந்தது. இப்போது ஃபாலோ-அப்புக்கு வருபவர்களிடம் கட்டியைப் பற்றிக் கேட்ட கையோடு, கை கால் மரத்ததா, ஒரு கண் இருட்டியதா என்றும் கேட்கிறேன்.