ஒரு வெள்ளிக்கொல்லரின் வாழ்க்கையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு நண்பர் தாம் எழுதிய கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் வடகிழக்கு இங்கிலாந்தில் பட்டறை வைத்திருந்த ஒரு வெள்ளிக்கொல்லரைப் பற்றியது. இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு நெஞ்சு திக்கென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே குழியில் அவரும் விழுந்திருந்தார். அதன் பிறகு இதே வேலையில் இறங்கியிருக்கும் இன்னும் சிலரைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பெயரைச் சரியாகப் படியுங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. கவனமாக வேலை செய்பவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தொழிற்பெயரை நம்பித் தேடுவது

'சில்வர்ஸ்மித்' என்று மட்டும் தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். வாழ்நாளெல்லாம் வெள்ளிக் கரண்டியும் குவளையும் மட்டுமே செய்தவரைக்கூட அக்கால ஆவணங்கள் 'கோல்ட்ஸ்மித்' என்றே எழுதின. ஒரே கடையில் கடிகாரம், மோதிரம், வெள்ளிப் பாத்திரம் எல்லாம் விற்றதால் அதே ஆள் ஓரிடத்தில் கடிகாரக்காரர், இன்னோரிடத்தில் நகை வியாபாரி. 'டாய்மேன்' என்ற சொல்லைப் பார்த்ததும் பொம்மைக் கடை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொக்கி, மூக்குப்பொடி டப்பி போன்ற சிறு பொருள்களை விற்றவர் அவர்.

எதிர்ப்பக்கமும் ஒரு கண்ணி உண்டு. வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1536ஆம் ஆண்டு முதல் பொற்கொல்லர், ஈயக் குழாய் வேலைக்காரர், கண்ணாடி பதிப்பவர், பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் பாத்திரம் செய்பவர், வர்ணம் பூசுபவர் எல்லோருக்கும் ஒரே தொழிற்சங்கம்தான். பொற்கொல்லர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிரிந்து வந்தார்கள். அதற்கு முந்தைய உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் வெள்ளியைத் தொட்டவர் ஆகிவிடமாட்டார். தகப்பனின் உரிமையால் உறுப்பினரான பிள்ளைகளும் அப்படித்தான். பட்டறை வாசலையே மிதிக்காதவர்கள் அவர்களிலும் உண்டு.

முத்திரையில் உள்ள பெயரே செய்த கை என்று எழுதுவது

வெள்ளிப் பொருளில் பொறித்திருக்கும் பெயரெழுத்து முத்திரைக்கு உரியவர், அந்தப் பொருளைத் தரச்சோதனைக்கு அனுப்பிப் பொறுப்பேற்றவர். கரண்டியை அடித்தது அவருடைய கூலியாளாக இருக்கலாம், வேறொரு பட்டறையாகவும் இருக்கலாம். 'அவர் முத்திரை இட்டது' என்று எழுதுங்கள், போதும்.

எழுத்துகளும் நிலையானவை அல்ல. வெள்ளியின் தரம் 92.5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 95.8 சதவீதமாக உயர்த்தப்பட்ட 1697 முதல் 1720 வரையான காலத்தில், குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத்தான் பொறிக்க வேண்டும். பழைய தரம் திரும்பியபோது பெயருக்கு ஓர் எழுத்து, குடும்பப் பெயருக்கு ஓர் எழுத்து என்றானது. செஸ்டர் நகர வெள்ளிக்கொல்லர் ரிச்சர்ட் ரிச்சர்ட்சனை எடுத்துக்கொண்டால், முதலில் 'ஆர், ஐ', பிறகு 'ஆர், ஆர்'. அந்தக் குடும்பத்தில் அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வேறு இருந்திருக்கிறார்கள். இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு ஆளை முடிவு செய்பவர் பல தலைமுறையை ஒரே உடம்பில் திணித்துவிடுவார்.

ஊர் முத்திரையை முகவரியாக எடுத்துக்கொள்வது

ஊர் முத்திரை காட்டுவது தரச்சோதனை நடந்த ஊரைத்தான். எக்ஸிடர் நகரின் கோட்டை வடிவ முத்திரை பிளிமத் பட்டறையின் பொருளிலும் இருக்கும். பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் 1773 வரை சொந்தச் சோதனை நிலையமே கிடையாது. அதனால் மேத்யூ போல்ட்டன் பர்மிங்காமில் செய்த பொருள்களைச் செஸ்டருக்கு அனுப்பி முத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள தேதிகளை அப்படியே நம்புவது

என்னால் இன்னும் ஆறிக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

நான் தேடிய வெள்ளிக்கொல்லர் 1721 செப்டம்பர் 29 அன்று பயிற்சிக்குச் சேர்ந்தார். ஏழாண்டு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தங்களில் பயிற்சிக் காலத்தில் திருமணம் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். பங்குக் கோவில் பதிவேட்டின் அட்டவணைப் படியில் அவருடைய திருமணம் 1728 பிப்ரவரி 9 என்று இருந்தது. பயிற்சி முடிய ஏழு மாதத்திற்கு மேல் பாக்கி! ஒப்பந்தத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட துணிச்சல்காரர் என்று நான் பூரித்துப்போனேன். குருவுக்கும் சீடனுக்கும் வழக்கு நடந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, காலாண்டு நீதிமன்றக் கட்டுகளின் நகல்களைக் காசு கொடுத்து வாங்கினேன். இரண்டு முறை ரயிலேறிப் போய் நாள் முழுவதும் உட்கார்ந்தேன். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. 1728 அக்டோபரில் அவருக்குத் தொழில் உரிமை எந்தத் தடையும் இல்லாமல் கிடைத்திருந்தது. அப்போதாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். மாறாக, 'குரு மன்னித்துவிட்டார்' என்று ஒரு பத்தி எழுதினேன்.

மணப்பெண்ணின் பெயர் எழுத்தைச் சரிபார்க்கத்தான் மூலப் பதிவேட்டைக் கேட்டேன். தோல் ஏடு, பழுப்பு மை. 1728 டிசம்பர் திருமணங்கள் முடிந்த இடத்திற்குக் கீழே ஜனவரி, அதற்குக் கீழே பிப்ரவரி. என் ஆளின் பெயர் அங்கேதான் இருந்தது. மார்ச் மாதத்தின் நடுவில் எழுத்தர் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே பெரிதாக 1729 என்று எழுதியிருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குக் கை சில்லிட்டுப்போனது.

இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையான நாள்கள் முந்தைய ஆண்டின் வால். அவர்கள் எழுதிய 1728 பிப்ரவரி நம் கணக்கில் 1729 பிப்ரவரி. மனிதர் ஒழுங்காகப் பயிற்சியை முடித்து, உரிமை வாங்கி, நான்கு மாதம் கழித்துக் கல்யாணம் செய்திருக்கிறார். வழக்கும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நானோ ஒரு நல்ல வேலைக்காரரை வாக்குத் தவறியவர் என்று எழுதி, அச்சிலும் ஏற்றிவிட்டேன். திருத்தம் போட்டேன். ஆனாலும் என் பழைய கதையைப் பார்த்து எழுதிய குடும்ப வரலாறுகளில் அவர் இன்றும் ஒப்பந்தம் மீறியவராகவே இருக்கிறார்.

ஆகவே அட்டவணையில் 1752க்கு முந்தைய, ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதியைப் பார்த்தால் மூலப் பக்கத்தைத் திறந்து, மேலேயும் கீழேயும் உள்ள பதிவுகளைப் படியுங்கள். சில எழுத்தர்கள் 1728/9 என்று இரண்டையும் எழுதியிருப்பார்கள், அவர்களுக்கு நன்றி. உங்கள் குறிப்பிலும் அப்படியே எழுதுங்கள். அட்டவணை தயாரித்தவர் ஏற்கெனவே மாற்றியிருக்கவும் கூடும். நீங்களும் மாற்றினால் ஓராண்டு தள்ளிப்போய்விடும். வடக்கே எல்லையைத் தாண்டி வந்த கடிதம் என்றால் கணக்கே வேறு: ஸ்காட்லாந்து 1600 முதல் ஜனவரி 1க்கு மாறிவிட்டது.

சோதனை நடந்த ஆண்டைக் காட்ட வெள்ளியில் பொறிக்கும் ஆண்டெழுத்திலும் இதன் தம்பி ஒளிந்திருக்கிறான். லண்டனில் அந்த எழுத்து மே மாத இறுதியில் மாறியது. எனவே ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளைத் தொடும். 1735 என்று எழுதாமல் 1735–36 என்று எழுதுங்கள்.

வரிப் பதிவேட்டின் தேதியைப் பயிற்சி தொடங்கிய நாளாகக் கொள்வது

பயிற்சி ஒப்பந்தங்களுக்கான வரியைக் குறித்து வைக்க 1710 முதல் இருந்த அந்தப் பதிவேட்டில் உள்ளது வரி கட்டிய நாள். பல மாதம் கழித்துக் கட்டியவர்கள் உண்டு.

அவுன்ஸைச் சமையலறை அவுன்ஸ் என்று நினைப்பது

வெள்ளியை நிறுத்தது டிராய் அவுன்ஸில், ஓர் அவுன்ஸ் 31.1 கிராம்.

மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது

பழைய ரசீதுகளில் வெள்ளியின் விலை தனி, செய்கூலி தனி. வாடிக்கையாளர் பழைய பாத்திரத்தைக் கொடுத்திருந்தால் அதுவும் கழிக்கப்பட்டிருக்கும். பட்டறையின் பிழைப்பு செய்கூலியில் இருந்தது. கிண்ணத்தின் அடியில் கீறியிருக்கும் எடையையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். இன்றைய எடை மிகக் குறைவாக இருந்தால் பிற்காலத்தில் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள்.

கணவன் இறந்ததும் கதையை முடிப்பது

நியூகாசிலின் ஜான் லாங்லண்ட்ஸ் 1793இல் இறந்தார். அதே பெயர் கொண்ட மகன் 1804இல் இறந்தார். பட்டறை மூடப்படவில்லை. மகனின் மனைவி டோரதி தன் பெயரெழுத்துகளை முத்திரையாக்கித் தொழிலை நடத்தினார். உங்கள் ஆளின் அடக்கப் பதிவு கிடைத்ததும் உயிலைத் தேடுங்கள். 1858க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தன. நியூகாசில்காரர் என்றால் கேன்டர்பரி, யார்க் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், டர்ஹமையும் பாருங்கள். பட்டறைச் சாமான்களை அவர் யாருக்கு எழுதி வைத்தார் என்ற வரியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலே படியுங்கள்.