கொரியால சின்னப் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

மொதல்ல விசா கதைய முடிச்சிடுவோம். இங்கிலீஷ் டீச்சருக்கான இ-2 விசா பொதுவா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா இந்த 7 நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான், அதனால டொரண்டோ லண்டன்ல வளர்ந்த நம்ம பிள்ளைங்களுக்கு சுலபம். இந்திய பாஸ்போர்ட்னா 2010ல அமலுக்கு வந்த சீபா (இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தம்) மூலமா ஸ்கூல்ல உதவி டீச்சரா போக ஒரு வழி இருக்கு, ஆனா டிகிரியோட டீச்சிங் சர்டிபிகேட்டும் வேணும். டிகிரி, போலீஸ் சர்டிபிகேட் ரெண்டுக்கும் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டுல செல்லுபடியாக அரசாங்கம் குத்தற சான்று முத்திரை, வாங்கணும், அது இழுத்தடிக்கும், சீக்கிரமே ஆரம்பிங்க. இன்னொண்ணு, இ-2ல இருந்துக்கிட்டு வீட்டுக்குப் போய் தனியா டியூஷன் எடுக்கறது சட்டப்படி தப்பு, யாராவது ஆசை காட்டினா ஒதுங்கிடுங்க.

அரசு ஸ்கூல்னா கூடவே ஒரு கொரிய டீச்சர் இருப்பாங்க, ஆரம்பப் பள்ளில ஒரு பீரியட் 40 நிமிஷம், இங்கிலீஷ் 3ஆம் வகுப்புலதான் ஆரம்பிக்கும். ஹாக்வொன்னா தனியார் டியூஷன் சென்டர், அங்க பெரும்பாலும் நீங்க தனியாத்தான் சமாளிக்கணும். பசங்க ஸ்கூல் முடிஞ்சு, கணக்கு கிளாஸ், பியானோ, டேக்வாண்டோ எல்லாம் சுத்திட்டு வந்து உக்காந்திருப்பாங்க, அதுங்க கண்ணு சொருகுதுன்னா அது உங்க பாடம் மோசம்னு அர்த்தம் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். அங்க நிறைய பசங்களுக்கு வார்த்தை தெரியும், கிராமர் தெரியும், பரீட்சைல மார்க்கும் வரும், ஆனா வாய் திறக்காது. நாலு பேர் முன்னாடி தப்பா சொல்லிட்டா அசிங்கம்னு பயம். அதனால எடுத்த எடுப்புல ஒருத்தனை எழுப்பி நிறுத்தி கேள்வி கேக்காதீங்க. மொத்த கிளாஸும் சேர்ந்து சொல்லட்டும், அப்புறம் வரிசை வரிசையா, அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கட்டும், தனியா சொல்ல வைக்கறது கடைசி. யாரு முதல்லன்னு சண்டை வந்தா கவி பவி போ போட விடுங்க, அதாங்க கல்லு காகிதம் கத்திரி, அதுல வந்த முடிவை யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் எஸ்ஸுன்னு தலையாட்டுவாங்க, அதை நம்பாதீங்க, செஞ்சு காட்டச் சொல்லிப் பாருங்க.

உச்சரிப்புல எங்க இடிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஃப சத்தம் கொரியன்ல இல்ல, ஃபிஷ் பிஷ்ஷாத்தான் வரும். மேல் பல்லால கீழ் உதட்டை லேசா கடிச்சு ஊதச் சொல்லுங்க, ஒரு சின்ன கண்ணாடி கையில குடுத்தா விளையாட்டா செஞ்சிடுவாங்க. ர, ல ரெண்டுக்கும் அவங்ககிட்ட ஒரே எழுத்து, ரைஸும் லைஸும் ஒண்ணாயிடும், ல ள ழ பிரிச்சுப் பேசத் தெரியாம திட்டு வாங்கி வளர்ந்த நமக்கு அந்தக் கஷ்டம் நல்லாவே புரியும். வார்த்தை கடைசில ஒரு உயிர் சத்தம் ஒட்டிக்கும், ஆரஞ்ச் ஓரென்ஜி ஆயிடும், பஸ் பொஸு ஆயிடும். இதுக்கு நான் பாத்ததுல பெஸ்ட் கைதட்டல்தான், பஸ்ஸுக்கு ஒரே தட்டு, ரெண்டு தட்டு வந்தா அவுட்.

நமக்கு இன்னொரு லக்கும் இருக்கு, கொரியன்லயும் தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசிலதான் வரும். "ஐ ஆப்பிள் லைக்"னு ஒரு குழந்தை சொன்னா அது எங்கிருந்து வருதுன்னு நமக்கு உடனே பிடிபடும். அப்ப விளக்கம் குடுத்துட்டு இருக்காம வார்த்தைய தனித்தனி அட்டைல எழுதி மூணு பசங்க கையில குடுத்து இடம் மாத்தி நிக்க வைங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ஹாங்குல்ங்கற கொரிய எழுத்து மட்டும் படிச்சிட்டுப் போங்க, சில நாள்லயே வந்துடும், பசங்க பேரை நீங்களே படிச்சுக் கூப்பிடலாம். நோட்டு திருத்தும்போது யார் பேரையும் செவப்பு மைல எழுதாதீங்க, அங்க அது சாவோட சம்பந்தப்பட்டதுன்னு நினைப்பாங்க. தப்புக்கு செவப்பு பேனா வச்சுக்கோங்க, பேருக்கு நீலம்.