வேலை நேரத்தில் பிரவுசர் கேம் பக்கம் கை போகாமல் இருக்க என்ன செய்யலாம்

"இனிமேல் தொடவே மாட்டேன்" என்று சபதம் எடுப்பதெல்லாம் நிற்காது. சபதம் எடுப்பது காலையில், கை போவது மதியம் மூன்று மணிக்கு, ஏதோ ஒரு ஃபைல் அப்லோடு ஆகிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிஷத்தில். அதனால் முதலில் உங்கள் கேம் உங்களை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்குச் சரிப்படும் வழி இன்னொன்றுக்கு ஒத்துவராது.

சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில் கேம் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே சொல், அது முடிந்துவிட்டால் அடுத்தது நாளைக்குத்தான். டீ நேரத்தில் ஆடிவிட்டுப் போங்கள்.

2048, ஸ்லிதர்.ஐஓ, அகார்.ஐஓ எல்லாம் வேறு ரகம். தோற்ற அடுத்த நொடியே மறு ஆட்டம் தயாராக இருக்கும், யோசிக்கவே இடைவெளி கிடையாது. அந்த இடைவெளியை நாம்தான் போட வேண்டும். லீச்பிளாக் என்ற இலவச எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் கிடைக்கும். அதில் தளத்தை முழுசாகத் தடுக்காமல், திறப்பதற்கு முன் சில விநாடிகள் காக்க வைக்கும் வசதி இருக்கிறது, என்னைக் கேட்டால் முழுத் தடையைவிட அதுதான் நல்லது. முழுசாகப் பூட்டினால் பூட்டை உடைக்க வழி தேடுவோம், முப்பது விநாடி காத்திருந்தால் பாதி நேரம் ஆசையே போய்விடும். 2048-ஐ 2014-ல் எழுதிய கேப்ரியேலே சிருல்லி அதன் மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார், அதனால் நகல்கள் ஏராளம். தேடலின் முதல் பக்கத்தில் வரும் நகல்களையும் லீச்பிளாக்கின் பட்டியலில் சேருங்கள். பிரைவேட் விண்டோவில் எக்ஸ்டென்ஷன் தானாக வேலை செய்யாது, அதற்கு அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.

அப்புறம் அட்ரஸ் பார். ஓர் எழுத்து தட்டியதும் கேமின் முகவரி வந்து நிற்கிறதா? விண்டோஸில் கீழ் அம்புக்குறியால் அதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், பரிந்துரை போய்விடும். சின்ன வேலைதான், ஆனால் பாதிப் பேர் கேமுக்குள் போவதே இப்படித் தெரியாமல்தான்.

மோசமானது, பிஸ்கட் படத்தைக் கிளிக் செய்து குக்கி சேர்க்கும் குக்கி கிளிக்கர் போன்றவை. 2013-ல் வந்தது, இன்னும் ஆட்களை விட்டபாடில்லை. ஆடவே வேண்டாம், ஒரு டேபில் திறந்து கிடந்தால் போதும், குக்கிகள் குவிந்துகொண்டே இருக்கும். சில நிமிஷங்களுக்கு ஒருமுறை தங்கக் குக்கி ஒன்று தோன்றி, கிளிக் செய்யாவிட்டால் சில விநாடிகளில் மறைந்துவிடும். அது எப்போது வரும் என்று தெரியாததால்தான் கண் அந்த டேபுக்கே போகிறது. இதற்கு நேரக் கட்டுப்பாடு உதவாது, டேபை மூடியே ஆக வேண்டும். இத்தனை மாத உழைப்பு போகிறதே என்று மனசு வராவிட்டால், ஆப்ஷன்ஸில் எக்ஸ்போர்ட் சேவ் கொடுத்து, வரும் எழுத்துச் சரத்தை உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தளத்தின் டேட்டாவை பிரவுசரில் அழியுங்கள். எதுவும் தொலையவில்லை என்று தெரிந்தால் மூடுவது சுலபம்.

நெட் போனால் வரும் குரோம் டைனோசர்? அலுவலகக் கணினி என்றால் ஐடி ஆட்களால் அதை நிர்வாக அமைப்பிலேயே அணைக்க முடியும். கேட்கக் கூச்சமாக இருந்தால், நெட் போனதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.