நெப்போலியன் வாழ்க்கை வரலாறு: முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

"முடியாது என்ற சொல் என் அகராதியிலேயே இல்லை" என்று நெப்போலியன் சொன்னதாகப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் எழுதியது சற்று வேறானது. 1813 ஜூலையில் தளபதி லெமருவாவுக்கு அனுப்பிய கடிதத்தில், முடியாது என்று எழுதுகிறீர்கள், அது பிரெஞ்சுச் சொல்லன்று என்ற பொருள்பட அவர் கடிந்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு ரஷ்யாவில் ஒரு பெரும் படையை அவர் இழந்திருந்தார். மூன்று மாதங்களில் ஜெர்மனியின் லைப்சிக்கில் பெரும் தோல்வி காத்திருந்தது. நாளும் பெறுநரின் பெயரும் சேர்ந்தவுடன், மேடை முழக்கமாக நாம் அறிந்த வாக்கியம், நெருக்கடியில் இருந்த ஆட்சியாளர் ஒருவர் தம் அதிகாரியை விரட்டிய சொல்லாக மாறிவிடுகிறது. யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதைக் காட்டும் புத்தகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வழியைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படியாக, எதையும் விலை கொடுத்து வாங்காமல் நூலகத்துக்குச் செல்லுங்கள். சிங்கப்பூரில் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள மத்தியப் பொது நூலகத்திலோ உங்கள் வட்டார நூலகத்திலோ, 944.05 என்ற எண்ணையொட்டிய அடுக்கில் நெப்போலியன் காலத்துப் பிரான்சைப் பற்றிய நூல்கள் இருக்கும். நான்கைந்தை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்படத்தைக் கண்டு முடிவெடுக்க வேண்டாம். பாய்ந்தெழும் குதிரையில் அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் ஓவியம் பல நூல்களின் முகப்பில் உள்ளது. 1800ஆம் ஆண்டு மே மாதம் அவர் அந்தக் கணவாயைக் கடந்தது கோவேறு கழுதையின் மீது.

அடுத்து, புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்து அடிக்குறிப்புகளையும் சான்றுப் பட்டியலையும் பாருங்கள். இந்தப் படியில் அவசரம் கூடாது. செயிண்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்தபோது நெப்போலியன் தம் வாழ்வைத் தாமே திருத்திச் சொன்னார். உடனிருந்த லாஸ் காஸ் அதைத் தொகுத்து 1823இல் வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. பிறகு அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், 1858 முதல் 1869 வரை, அவருடைய கடிதங்கள் தொகுதிகளாக அச்சாயின. குடும்பப் பெயருக்குக் களங்கம் தரக்கூடிய கடிதங்கள் அவற்றில் விடுபட்டன. 2004 தொடங்கி 2018 வரை பாரிஸில் வெளிவந்த 15 தொகுதிகள்தாம், 40,000க்கும் மேற்பட்ட கடிதங்களை முறையாக ஒன்றுதிரட்டின. ஆகவே ஒரு நூலாசிரியர் செயிண்ட் ஹெலினா நினைவுகளை மட்டும் நம்பினாரா, அல்லது அந்தந்த நாளில் எழுதப்பட்ட கடிதங்களோடு அவற்றை ஒப்பிட்டாரா என்பதை அடிக்குறிப்புகள் உங்களுக்குச் சொல்லிவிடும். அடிக்குறிப்பே இல்லாமல் உரையாடல்களை மேற்கோள் குறிக்குள் நிரப்பியிருக்கும் நூலை நான் மறுபடியும் அடுக்கிலேயே வைத்துவிடுவேன்.

மூன்றாவது படி எல்லாவற்றிலும் முக்கியமானது. சொல்லடைவைப் பயன்படுத்தி மூன்று இடங்களை மட்டும் படியுங்கள்.

முதலிடம், இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில் உள்ள ஜாஃபா. 1799 மார்ச்சில் அந்த நகரம் வீழ்ந்தபின், உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைந்த ஆயிரக்கணக்கான கைதிகள் கடற்கரையில் கொல்லப்பட்டனர். உணவில்லை, காவலுக்கு ஆளில்லை, மீண்டும் போரிடமாட்டோம் என்று சொல்லி முன்பே ஒருமுறை விடுவிக்கப்பட்டு வாக்குத் தவறியவர்கள் அவர்களுள் இருந்தனர் என்று நெப்போலியன் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. நல்ல நூல் அந்தக் காரணத்தையும் தரும், கொலையையும் மறைக்காது.

இரண்டாவது இடம் அடிமைமுறை. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் ஒழித்த அடிமைமுறையை 1802 மே மாதச் சட்டம் சில குடியேற்றங்களில் நிலைநிறுத்தியது. கரீபியத் தீவான குவாதலூப்பில் அது மீண்டும் புகுத்தப்பட்டது. இன்றைய ஹைட்டியில் விடுதலைப் போரை நடத்திய டூசான் லூவர்த்தூர் பிடிக்கப்பட்டு, 1803இல் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் இறந்தார். நான் முதன்முதலில் வாங்கிய தடித்த புத்தகத்தில் போர்க்களங்களுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களும் இதற்கு ஒரே வாக்கியமும் இருந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் இந்தச் சோதனையை வகுத்துக்கொண்டேன். கூலிகளாகவும் கைதிகளாகவும் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பும் சேர்ந்து உருவான ஊரில் வாழும் நாம், இந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்லும் ஆசிரியரை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாவது இடம் 1812ஆம் ஆண்டின் ரஷ்யப் படையெடுப்பு. பனிதான் அவரைத் தோற்கடித்தது என்று ஒரு நூல் முடித்துக்கொண்டால் அது பழைய கதையைத் திருப்பிச் சொல்கிறது என்று பொருள். ஜூன் மாதம் நேமன் ஆற்றைக் கடந்த படையின் பெரும்பகுதி, செப்டம்பரில் மாஸ்கோவை அடையும் முன்பே, கோடை வெயிலிலும் பசியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் கரைந்துவிட்டது. தீவனமும் வண்டிகளும் எப்படிப் போதாமல் போயின என்று விளக்கும் ஆசிரியருக்குப் போர் புரிந்திருக்கிறது.

வரைபடங்கள் தெளிவாக உள்ளனவா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும். அவரைக் குள்ளர் என்று சொல்லும் நூலையும் ஒதுக்கலாம். பிரெஞ்சு அங்குலக் கணக்கு வேறு என்பதால் எழுந்த குழப்பம் அது, அவர் உயரம் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர்.

நம் வட்டாரத்தை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். 1799 ஜனவரியில் நெப்போலியன் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயரிடம் சிக்கியதைச் சில நூல்கள் குறிப்பிடும். ஆனால் ஹாலந்து பிரான்சுடன் இணைக்கப்பட்டதால் ஜாவாவில் பிரெஞ்சுக் கொடி பறந்ததையும், 1811இல் இந்தியச் சிப்பாய்கள் பெருமளவில் இடம்பெற்ற ஆங்கிலேயப் படை மலாக்காவில் கூடி அதைக் கைப்பற்றியதையும், அப்போது ஜாவாவின் துணை ஆளுநராகிப் பின்னாளில் சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1816இல் ஊர் திரும்பும் வழியில் செயிண்ட் ஹெலினாவில் நெப்போலியனை நேரில் கண்டதையும் பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் விட்டுவிடுகின்றன. இதை ஒரு குறையாகக் கொண்டு நூலைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பகுதியைச் சிங்கப்பூர் வரலாற்று நூல்களில் தேடிப் படியுங்கள்.

இறுதிப்படி தேர்வு. ஆங்கிலத்தில் படிக்கத் தயங்காதவர்கள், 2015இல் டேவிட் பெல் எழுதிய சிறுநூலில் தொடங்கலாம். ஒரு வார இறுதியில் முடித்துவிடக்கூடிய அளவுடையது. அதன்பின் ஆண்ட்ரூ ராபர்ட்ஸ் 2014இல் எழுதிய பெருநூலையும் ஆடம் ஸமாய்ஸ்கி 2018இல் எழுதியதையும் சேர்த்து இரவல் பெறுங்கள். முன்னவர் புதிய கடிதத் தொகுப்பை நன்கு பயன்படுத்தியவர், நெப்போலியனை வியப்பவர். பின்னவர் அந்த வியப்பைக் குறைத்து, மனிதரைத் தேடுபவர். தமிழில் கிடைக்கும் சுருக்கமான நூல்கள் நிகழ்ச்சி வரிசையை மனத்தில் பதிக்க உதவும். அவற்றையும் இதே மூன்று இடங்களில் சோதியுங்கள். இரண்டு பெருநூல்களையும் முழுதாகப் படிக்க நேரமில்லையென்றால், இரண்டிலும் ஜாஃபா பகுதியை மட்டும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, எதைத் தொடர்வது என்று முடிவு செய்யுங்கள். மற்றதை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம்.