கூட்டில் உட்கார்ந்திருக்கும் கேனட்டுக்கு வயது போடாதீர்கள்

கோடை வந்தால் ஸ்காட்லாந்துக் கடற்கரைக்குக் கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவையைப் பார்த்து வயது குறிக்கப் புதிதாகச் சிலர் வருவார்கள். அவர்களுடைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினால் போன வருடம் வந்தவர்கள் செய்த அதே தவறுகள், பெரும்பாலும் அதே வரிசையில். எல்லாம் எனக்கும் பழைய சிநேகிதர்கள்தான். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் குஞ்சைத் தாய்ப்பறவை என்று எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானாகவே சரியாகிவிடும்.

முதலில் வயதுக் கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கூட்டை விட்டுக் கிளம்பும் கேனட் கரும்பழுப்பு நிறம், மேலே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் இறகு உதிர்ந்து முளைக்க முளைக்கத் தலையும் வயிறும் வெளுக்கும், முதுகு கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகும், கடைசியில் இறக்கையின் பின்விளிம்பிலும் வாலின் நடுவிலும் மட்டும் சில கறுப்பு இறகுகள் மிஞ்சும். ஏறக்குறைய ஐந்து வயதில் அவையும் போய்விடும். இறக்கை நுனிக் கறுப்பு மட்டும் ஆயுசுக்கும் இருக்கும்.

உட்கார்ந்த பறவையைப் பார்த்து முடிவுசெய்வது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கூட்டில் இருக்கும் பறவை மணிக்கணக்காக அசையாமல் இருக்கும், ஸ்கோப் தொலைநோக்கியில் அழகாக நிற்கும், பார்க்கிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆனால் மடித்த இறக்கையில் அந்தக் கறுப்பு நுனிகள் இரண்டும் பின்னால் போய் வாலுக்கு மேலே படுத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் வாலில் கறுப்பு இறகு இருப்பது போலவே தெரியும். உடனே ‘நான்கு வயது’ என்று எழுதிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: வாலின் நடுவில் உண்மையிலேயே கறுப்பு இறகு இருந்தால், அதே நுனிகள் அதை மறைத்துவிடும். பின்விளிம்பு இறகுகளும் மடிப்புக்குள் பாதி ஒளிந்துவிடும். ஆக, பெரியது சின்னதாகிறது, சின்னது பெரியதாகிறது.

ஒருமுறை மழையும் காற்றுமான நாளில் ஒருவர் ஒரு பாறை விளிம்பு முழுக்க எண்ணிவிட்டு வந்தார். பறவைகள் எல்லாம் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தன. தாளில் கிட்டத்தட்ட பாதிப் பறவைகள் இளசுகள்! மறுநாள் வெயிலில் அதே விளிம்பைப் பார்த்தால் ஓரிரண்டைத் தவிர எல்லாம் முழு வெள்ளை. அந்தத் தாளை என்ன செய்வது? எதைத் திருத்துவது என்றுகூடத் தெரியாது, தூக்கித்தான் போட வேண்டும்.

இது வெறும் நுணுக்கம் பார்க்கும் விஷயம் இல்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையை ஒட்டிய பாஸ் ராக் என்ற பாறைத்தீவில் 2014இல் 75,000க்கும் மேற்பட்ட கூட்டிடங்கள் இருந்தன. அப்போது உலகிலேயே பெரிய கேனட் குடியிருப்பு அது. 2022இல் பறவைக் காய்ச்சல் வந்து போனபின், 2023 கணக்கெடுப்பில் சுமார் 52,000 ஆகிவிட்டது. காலியான இடங்களுக்கு இளம் பறவைகள் வருகின்றனவா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. மடித்த இறக்கை நுனியை வால் என்று எண்ணினால் ‘ஆமாம், நிறைய வருகின்றன’ என்ற பொய்யான பதில்தான் கிடைக்கும்.

சரி, என்ன செய்வது? காத்திருங்கள். இணை கடலிலிருந்து திரும்பி இறங்கும்போது இறக்கையும் வாலும் விரியும், அந்த இரண்டு மூன்று நொடி போதும். இரண்டும் அலகை உரசி வரவேற்றுக்கொண்டபின், கிளம்பப்போவது கழுத்தை நீட்டி அலகை வானத்துக்கு நேராகத் தூக்கி இறக்கையைச் சற்று உயர்த்தும். அதைக் கண்டால் பைனாகுலரைக் கீழே இறக்காதீர்கள், அடுத்து பறக்கத்தான் போகிறது. ஒரே ஆள்மாற்றத்தில் இரண்டு பறவைக்கும் வயது பார்த்துவிடலாம். அதற்குள் பார்க்க முடியவில்லையா, ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அந்தக் கட்டம் தாளில் சும்மா இல்லை.

முழு வெள்ளை என்றால் ஐந்து வயது

ஐந்தாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். 37 வருடம் வாழ்ந்த கேனட்டுக்குக் கால்வளையப் பதிவு இருக்கிறது.

கண்ணின் நிறத்தைச் சேர்த்துக்கொள்வது

இளசுக்குக் கண் கருமையாகவும் பெரியதற்கு வெளிர்நீலமாகவும் இருக்கும் என்பது 2022 வரை ஓரளவு உதவியது. காய்ச்சலில் பிழைத்த பெரிய பறவைகள் பலவற்றுக்குக் கருவிழிப்படலமே கறுத்துவிட்டது, சிலவற்றுக்குத் திட்டுத்திட்டாக. கறுத்த கண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கென்று ஒரு பயன் உண்டு. வயதுக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

அழுக்கு

எச்சமும் சேறும் இறகு நிறம் இல்லை.

ஓரத்தில் நிற்கிறவற்றையும் எண்ணுவது

குடியிருப்பின் விளிம்பில் இரண்டு மூன்று வயதுப் பறவைகள் கும்பலாக நின்று பொழுதுபோக்கும். கூடு கட்டுவது போலப் பாசியைக்கூடத் தூக்கிக்கொண்டு திரியும். முட்டையோ குஞ்சோ கண்ணில் படாதவரை அது கூடுகட்டும் பறவை இல்லை.

ஒற்றை எண் எழுதுவது

எல்லாப் பறவையும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. பின்விளிம்பில் இரண்டு கறுப்பு இறகு மிஞ்சியது நான்காகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். ‘4–5’ என்று எழுதி, எந்த இறகு கறுப்பு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். துல்லியமான வயது வேண்டுமானால் குஞ்சாக இருக்கும்போதே மாட்டிய கால்வளையத்தின் எண்ணைப் படிக்க வேண்டும். பெரியதான பின் மாட்டிய வளையம் என்றால் அதுவும் குறைந்தபட்ச வயதைத்தான் சொல்லும்.