மன்னிப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள்

நம்மைப் புண்படுத்தியவரை மன்னிக்க வேண்டும் என்று இறைநம்பிக்கை உள்ளவருக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்டு வளர்ந்த மறைநூலே அதைச் சொல்லியிருக்கும். எப்படி மன்னிப்பது என்பதுதான் பிடிபடுவதில்லை. எனவே "மன்னித்துவிட்டேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அதே முகத்தை மறுபடி கண்டதும் வயிறு எரிவதை உணர்ந்து, தம் பக்தியே பொய்யோ என்று அஞ்சத் தொடங்குகிறார். அந்த அச்சத்தில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான்.

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு கற்பித்த மன்றாட்டு, மத்தேயு நற்செய்தியின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று கடன் என்னும் சொல்லையே ஆள்கிறது. எவ்வளவு என்று தெரியாத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி, வரிவரியாக எழுதுங்கள். "அவமானப்படுத்தினார்" என்று எழுதினால் போதாது. பலர் முன்னிலையில் என்ன சொன்னார், அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினீர்கள், யாருடைய நட்பை இழந்தீர்கள், எத்தனை இரவுகள் உறங்காமல் கிடந்தீர்கள் என்பது வரை எழுதுங்கள். எழுதும்போதே "அவர் நிலைமையும் அப்படி இருந்தது" என்று அவருக்காக வாதாட மனம் முந்தும். அதற்கு இப்போது இடம் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே அவர் மீது குற்றமில்லை என்றால் அங்கே மன்னிக்க ஒன்றுமில்லை. குற்றம் இருக்கிறது என்றால் அதை மழுப்புவது மன்னிப்பு ஆகாது. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் 40ஆம் வசனமும், தீமைக்கு அதற்கு ஒப்பான தீமையே கூலி என்று பாதிக்கப்பட்டவரின் உரிமையை முதலில் ஏற்றுக்கொண்ட பிறகே, மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கான கூலி இறைவனிடம் இருக்கிறது என்று சொல்கிறது.

அந்தத் தாளோடு வேண்டுதலுக்கு உட்காருங்கள். இங்கே பலர் மரியாதை காட்டுவதாக எண்ணித் தங்கள் கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். விவிலியத்தின் வேண்டுதல் பாடல்களில் ஒன்றான 55ஆம் சங்கீதத்தைப் பாடியவர் அப்படிச் செய்யவில்லை. பகைவன் பழித்திருந்தால் பொறுத்திருப்பேன், என்னோடு கூடி ஆலயத்துக்கு வந்த தோழனல்லவா பழித்தான் என்று புலம்பி, அத்தகையவர்களைச் சாவு பற்றிக்கொள்ளட்டும் என்றுகூடக் கேட்டுவிடுகிறார். அந்தச் சொற்களை மறைநூலிலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. பழிவாங்கும் ஆசையையும் கடவுளிடமே சொல்லிவிடலாம். அங்கே சொல்லப்பட்டது வேறெங்கும் போய்த் தீங்கு செய்யாது.

அதன் பிறகுதான் முடிவு. அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்த்திங்டன், மன்னிப்பதாக எடுக்கும் முடிவையும் உள்ளத்தில் உணர்ச்சிகள் மாறுவதையும் இரு வேறு செயல்களாகப் பிரித்துக் காட்டுகிறார். முடிவை ஒரே நாளில் எடுக்கலாம்: இந்தக் கடனை இனி நான் வசூலிக்கப் போவதில்லை, பிறரிடம் அவரைத் தூற்றி வட்டியும் வாங்கப் போவதில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உணர்ச்சி தன் வேகத்தில்தான் வரும். ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று சீடர் பேதுரு கேட்டபோது, ஏழெழுபது முறை என்று இயேசு சொன்னதைப் பல குற்றங்களுக்கான கணக்காகவே படித்துவந்தேன். ஒரே குற்றம் நினைவில் எழும்போதெல்லாம் மீண்டும் மன்னிக்க வேண்டியிருக்கிறது என்றும் அதைப் படிக்கலாம் என்று பின்னர்தான் தோன்றியது.

மறக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று" என்னும் குறள் (இறப்பு என்பது இங்கே பிறர் வரம்பு மீறிச் செய்த தீங்கு), மறத்தலைப் பொறுத்தலுக்கு அடுத்த மேற்படியாகத்தான் வைக்கிறது. கீழ்ப்படியில் நிற்பவரும் படியேறத் தொடங்கியவர்தான்.

மன்னித்தால் பழையபடி பழக வேண்டும், தண்டனையையும் கைவிட வேண்டும் என்று சமயப் பெரியவர்களே வற்புறுத்துவதுண்டு. இதில் நான் அவர்களோடு உடன்படவில்லை. 1981 மே மாதம் தம்மைச் சுட்ட மெஹ்மெத் அலி ஆஜாவை மன்னித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1983 டிசம்பரில் அவரைச் சிறைக்கே சென்று சந்தித்தார்; ஆனால் ஆஜா 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். விவிலியக் கதையில், தம்மை அடிமையாக விற்ற சகோதரர்கள் தானியம் வாங்க வந்தபோது யோசேப்பும் உடனே தம்மை வெளிப்படுத்தவில்லை. இளையவன் பென்யமீனையும் அவர்கள் கைவிடுவார்களா என்று சோதித்து, அவர்களில் ஒருவரான யூதா அவனுக்கு ஈடாகத் தன்னையே அடிமையாகத் தர முன்வந்த பிறகே கதறி அழுது, தாம் யார் என்று சொன்னார். உறவைப் புதுப்பிக்க இருவரும் மாற வேண்டும். அடியும் வசையும் இன்னும் தொடர்கின்றன என்றால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள். தாளும் வேண்டுதலும் காத்திருக்கும்.

அன்றாடப் பயிற்சி எளிது. அவருக்காக, பொய்யில்லாமல் கேட்கக்கூடிய மிகச் சிறிய நன்மை ஒன்றைக் கேளுங்கள். அவர் செழிக்க வேண்டும் என்று கேட்க வாய் வராவிட்டால், இன்றிரவு அவருக்கு உறக்கம் வரட்டும் என்று கேட்கலாம். அவர் இறந்துவிட்டாலும், வருந்தவே மாட்டார் என்றாலும் இது நடக்கும். இதற்கு அவருடைய ஒப்புதல் தேவையில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தத் தாளைப் பிரித்து, உண்மையாகவே விட்டுவிட்ட வரியை மட்டும் அடியுங்கள். என் தாளில் ஏழு வரிகள் இருந்தன. இன்னும் இரண்டு அடிக்கப்படாமல் இருக்கின்றன.