ஹபிள் எடுத்த விண்வெளிப் படத்தை ஏற்காட்டு வானத்தோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களைக் கைப்பேசியில் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறவர்களே மிகுதி. அந்தப் படம் வானத்தின் எந்த இடம், எவ்வளவு சிறிய துண்டு, அதன் நிறங்கள் எப்படி வந்தன என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் அதன் அழகு முழுமையாகப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு பக்கத்திலேயே இருப்பதால், படத்தைப் பார்த்த கையோடு மலையேறி, அதே இடத்தை வானத்திலும் தேடிப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் பிரதி பலமுறை சுருக்கப்பட்டிருக்கும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை ஆகியவற்றின் இணையதளங்களில் பெரிய அளவுப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இறக்கிக்கொண்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, கணினித் திரையில் மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். உடன் உள்ள விளக்கக் குறிப்பையும் தவறாமல் படியுங்கள்.

பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது, 1995இல் எடுக்கப்பட்ட 'படைப்பின் தூண்கள்' என்ற படம். சுமார் 6,500 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு) தொலைவிலுள்ள கழுகு நெபுலா என்னும் வாயு, தூசி மேகத்தின் ஒரு பகுதி அது. ஹபிளின் கேமரா கறுப்பு வெள்ளையாகவே பதிவு செய்கிறது. ஒரே இடத்தை வெவ்வேறு வடிகட்டிகள் வழியே தனித்தனியாக எடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பிறகு ஒன்றுசேர்க்கிறார்கள். இந்தப் படத்தில் ஹைட்ரஜனுக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம். ஹைட்ரஜனும் கந்தகமும் அங்கே உமிழும் ஒளி இரண்டுமே உண்மையில் சிவப்புதான். இரண்டையும் சிவப்பாகவே விட்டிருந்தால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இந்நிறங்களைப் பொய்யென்று ஒதுக்காமல், வரைபடத்தின் நிறங்களைப் போலப் படித்துப் பழகுங்கள். பின்பு தூண்களின் விளிம்பைப் பெரிதாக்கினால், வாயு இழை இழையாகக் கிளம்புவது தெரியும். படத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் இளம் விண்மீன்களின் புறஊதா ஒளி அத்தூண்களை அரித்துக்கொண்டிருப்பதன் தடயம் அது.

அடுத்ததாக, 2003 செப்டம்பர் முதல் 2004 ஜனவரி வரை ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப நோக்கி எடுத்த 'அல்ட்ரா டீப் ஃபீல்டு' படத்தைத் திறவுங்கள். நான்கு முனைக் கதிர்களோடு மின்னுபவை நம் பால்வீதியின் விண்மீன்கள். தொலைநோக்கியின் உள்ளே இரண்டாம் ஆடியை (கண்ணாடியை) தாங்கும் கம்பிகளால் உண்டாவன அக்கதிர்கள். ஏறக்குறைய மற்ற எல்லாமே, சிறு சிவப்புப் பொட்டுகள் உட்பட, தனித்தனி விண்மீன் திரள்கள் (கேலக்ஸிகள்). மொத்தம் ஏறத்தாழ 10,000. இந்தப் படம் வானில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை உணர, 2 மில்லிமீட்டர் ஜவ்வரிசி ஒன்றைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அந்த மணி மறைக்கும் வானத்துக்குள்தான் அத்தனையும் இருக்கின்றன. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் நிறுத்திப் பார்க்கச் செய்யுங்கள்.

தொலைநோக்கியை ஏன் மேலே அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு நம் பக்கத்து ஜவ்வாது மலையிலேயே விடை உண்டு. காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர், ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். அளவில் ஏறத்தாழ சமம். ஆனால் விண்மீன்களை மினுக்க வைக்கும் காற்றின் அலைவு காவலூருக்கு மேலே உண்டு, ஹபிளுக்கு இல்லை.

இனி மலைக்குப் போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான நிலவற்ற இரவுகளே ஏற்றவை. லேடிஸ் சீட் பகலில் எவ்வளவு அழகானாலும் இரவில் சேலம் நகரத்தின் விளக்குகள் நேரே கண்ணில் படும் என்பதால், நகரம் மலைக்குப் பின்னால் மறையும்படியான இடமாகத் தேர்ந்தெடுங்கள். காப்பித் தோட்டங்களுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். காட்டு மாடுகள் நடமாடும். தங்கும் விடுதியின் மொட்டை மாடியே பெரும்பாலும் போதும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். அதுவரை கைப்பேசியைத் தொடாதீர்கள்.

சிவந்த திருவாதிரை விண்மீனைக் கண்டுபிடித்தால், அதன் அருகே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் எளிதில் தெரியும். அவற்றுக்குத் தென்புறம் மங்கலாகப் படர்ந்திருப்பதே சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா. 10×50 பைனாகுலரில் அது சாம்பல் நிறப் புகைத் திட்டாகத் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் காணும் திறன் குறைந்துவிடுவதால், படத்திலுள்ள சிவப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதே பொருளை ஹபிள் எடுத்த படத்தை முந்தைய நாளே நன்றாகப் பார்த்து வைத்திருந்தால், அந்தத் திட்டுக்குள் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் இருப்பதை மனம் உணரும். அல்ட்ரா டீப் ஃபீல்டின் புள்ளி, திருவாதிரையும் அந்த மூன்று விண்மீன்களும் அடங்கிய ஓரியன் விண்மீன் குழுவுக்குத் தென்மேற்கே, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருட்டுப் பகுதியில் இருக்கிறது. அந்த வெறுமையையும் சற்று நேரம் பாருங்கள்.

ஹபிளையே வெறுங்கண்ணால் பார்க்க முடியும் என்பது நம் ஊருக்கு வாய்த்த பேறு. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை வரையே சாய்ந்திருப்பதால், லண்டனில் இருப்பவர்கள் அதைப் பார்க்கவே முடியாது. நமக்கோ சில நாட்களில் தலைக்கு மேலேயே செல்லும். சூரியன் மறைந்த பின்போ விடியலுக்கு முன்போ, மேற்கிலிருந்து கிழக்காக, விமானத்தைப் போல விளக்குச் சிமிட்டாமல் நகரும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். பூமியின் நிழலுக்குள் புகுந்ததும் சட்டென மங்கி மறையும். கடக்கும் நேரத்தையும் திசையையும் 'ஹெவன்ஸ் அபவ்' இணையதளத்தில் ஏற்காட்டைக் குறித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரலில் போகிறவர்கள் தெற்கு அடிவானம் மறைக்கப்படாத இடத்தில் நின்று கரீனா நெபுலாவைத் தேடுங்கள். உச்சத்தில் இருக்கும்போதும் அது அடிவானத்திலிருந்து 18 பாகை உயரமே எழும் என்பதால், மாலையில் மழை பெய்து தூசி அடங்கிய இரவு கிடைத்தால் தவறவிடாதீர்கள்.